பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று

போன மாதம் அம்மா பெயரில் இருந்த இன்சூரன்ஸ் பாலிசி ஒன்று முதிர்ந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். பன்னிரண்டு வருஷம் கட்டிய பணம். அதை வாங்க அவர்களுடைய தளத்துக்குள் போக வேண்டும். போவதற்கு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தால் மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்புவார்கள். அம்மாவுக்கு ஒரு மெயில் ஐடி இருக்கிற விஷயமே அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் தெரிந்தது.

"எனக்கெதுக்குய்யா மெயிலு? நான் யாருக்குக் கடுதாசி போடப் போறேன்?" என்றாள்.

பாலிசி பேப்பரில் அச்சாகியிருந்தது. அம்மா பெயர், அப்பா இனிஷியல், நடுவில் ஒரு புள்ளி, கடைசியில் பிறந்த வருஷம். யோசித்து யோசித்து அவளே சொன்னாள். 2014இல் ஏஜென்ட் மெயில் ஐடி கேட்டிருக்கிறார். தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த பையன் ஐந்து நிமிஷத்தில் ஒன்றை உண்டாக்கி, முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான். சீட்டு தொலைந்துவிடும் என்று அன்றைக்கு ராத்திரியே அதைப் பார்த்து வேறோர் இடத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள். எங்கே என்பதுதான் ஞாபகம் இல்லை.

பரணில் கிடைத்தது. தினசரி காலண்டர் தீர்ந்த பிறகும் சாமி படம் போட்ட அட்டையைத் தூக்கிப் போட மாட்டாள் அம்மா. வருஷ வாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள். 2014ஆம் வருஷத்து அட்டையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். திருப்பினால், பென்சிலில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலம் எழுதின மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக: அவள் பெயர், அப்புறம் அந்த சுழிச்ச 'ஏ', அப்புறம் 123. முதல் எழுத்துக்கு மட்டும் மேலே ஓர் அம்புக்குறி போட்டு, தமிழில் 'பெரிசு' என்று எழுதியிருந்தது.

அந்த அம்புக்குறியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? 'அ' என்றால் அ. அதில் பெரிய அ போடு என்றால் எங்கே போவது? ஒரு பெரிய எழுத்து, ஒரு சின்ன எழுத்து, ஓர் எண், ஒரு குறி இருந்தே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு தளமும் கேட்கிறதே, அதில் முதல் இரண்டும் தமிழ் மட்டும் படித்த ஒருவருக்கு அர்த்தமே இல்லாத வார்த்தைகள். அவரும் அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். அதனால் பக்கத்தில் நிற்கிற யாரையாவது கேட்கிறார். கேட்ட அந்த நிமிஷமே ரகசியம் ரகசியமாக இல்லாமல் போய்விடுகிறது.

கேட்கப்படுகிறவரும் என்ன செய்வார்? பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, சுழிச்ச ஏ போட்டு, 123 என்று முடிப்பார். நார்டுபாஸ் என்ற நிறுவனம் வருஷா வருஷம் வெளியிடுகிற பட்டியலில், 2023இல் இந்தியாவில் அதிகம் புழங்கிய பாஸ்வேர்டுகளில் முதலிடம் 123456. முதல் பத்துக்குள்ளேயே 'இந்தியா@123' இருந்தது. எங்கள் பிரவுசிங் சென்டர் பையனைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஊர் செட்டியார்பட்டியில் பாதிப் பேருடைய மெயிலை அவன்தான் உண்டாக்கியிருப்பான். பெயர் தெரிந்தால் பாஸ்வேர்டு தெரியும் என்கிற நிலையில்தான் எங்கள் தெரு பத்து வருஷமாக இருந்திருக்கிறது.

இந்தப் பெரிசு, சின்னது, குறி, எண் விதி எங்கிருந்து பரவியது தெரியுமா? அமெரிக்காவில் நிஸ்ட் என்கிற அரசு நிறுவனம் இருக்கிறது. தர அளவுகோல்கள் எழுதுகிற இடம். அங்கே வேலை பார்த்த பில் பர் 2003இல் ஒரு வழிகாட்டி எழுதினார். அதன் பின்னிணைப்பிலிருந்துதான் எழுத்தைக் கலந்து போடு, அடிக்கடி மாற்று என்கிற ஆலோசனை உலகம் முழுக்கப் போனது. 2017இல், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்த அவரே தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருத்தப்படுவதாகச் சொல்லிவிட்டார். மாற்று மாற்று என்றால் ஆட்கள் கடைசி 1ஐ 2 ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். அதே வருஷம் நிஸ்ட் விதியையும் திருத்தியது: கலந்து போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே, காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே, நீளமாக வைக்கவிடு.

எழுதினவர் வருந்திவிட்டார், எழுதவைத்த நிறுவனம் திருத்திவிட்டது. நம்முடைய தளங்களுக்கு மட்டும் அந்தத் தந்தி இன்னும் வந்து சேரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது' என்று சிவப்பில் வருகிறது. அதென்ன, பால் பாக்கெட்டா காலாவதி ஆவதற்கு?

அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். அவரிடம் ஒரு பாஸ்வேர்டு இருந்தது. நாற்பது வருஷம் மாற்றவே இல்லை.

அப்பா சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தார். பழைய ஜவுளிக்கடைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான் இது. திரும்ப வராத பத்து எழுத்து உள்ள ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்வார்கள். முதல் எழுத்து ஒன்று, இரண்டாவது இரண்டு, இப்படியே போய்ப் பத்தாவது எழுத்து பூஜ்யம். சேலைச் சீட்டில் விற்கிற விலை எண்ணில் இருக்கும். அதன் ஓரத்தில் பென்சிலில் மூன்று எழுத்து இருக்கும். அது கொள்முதல் விலை. பேரம் பேசும்போது, கடைப்பையன் சீட்டை ஒரு பார்வை பார்த்தால் எதுவரைக்கும் இறங்கலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வாங்க வந்தவருக்கு அது ஏதோ சரக்கு அடையாளம். வாடிக்கையாளர் கண்ணெதிரே, கையிலேயே கிடக்கிற ரகசியம்! எட்டாம் வகுப்பு லீவில் கடையில் உட்கார்ந்தபோது அப்பா அதை என் காதில் சொன்னார். எழுதக் கூடாது என்றார். அந்த வாசகத்தை இங்கேயும் எழுத மாட்டேன். கடை இல்லையென்றாலும் வாக்கு வாக்குதான்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்குக் குழூஉக்குறி ஞாபகம் இருக்கும். தட்டார் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று தமிழய்யா உதாரணம் சொல்வார். அப்பாவின் பத்து எழுத்தும் அந்த வகைதான். அது அப்பாவுடைய ரகசியம் இல்லை, கடையுடைய ரகசியம். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா போய் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பாள். அவளுக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும், கடைப்பையனுக்கும் தெரியும். நாலு பேர் சேர்ந்து காப்பாற்றியதால்தான் அது நாற்பது வருஷம் நின்றது.

பாஸ்வேர்டு அப்படி இல்லை. அது உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாதே என்கிறது. பெண்டாட்டியிடம்கூட, பிள்ளையிடம்கூட. நம் ஊரில் பீரோச் சாவி எங்கே இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பெயர் அஜாக்கிரதை இல்லை, அதுதான் குடும்பம். ஒரு போன், ஒரு நம்பர், அதில் மூன்று பேருடைய ஆதார், இரண்டு பேருடைய பாங்கிக் கணக்கு, பிள்ளையின் ஸ்கூல் ஆப். ஓர் ஆள், ஒரு போன், ஒரு கணக்கு என்று நினைத்துச் செய்தவற்றை நாம் வீட்டுக்கு ஒன்று என்று புழங்குகிறோம். எரிச்சல் எல்லாம் அங்கேதான் பிறக்கிறது என்பது என் கட்சி.

ஆனால் பாஸ்வேர்டு பிறந்ததே ஒரே மெஷினைப் பல பேர் பங்குபோட்டதால்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பாட்டோ என்பவர் குழு 1961இல் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் உபயோகிக்கிற முறையைக் கொண்டுவந்தது. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கைவைக்காமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அங்கே ஆலன் ஷெர் என்று ஒரு மாணவர். வாரத்துக்கு 4 மணி நேரம்தான் அவருக்கு மெஷின். போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கிற கோப்பை அச்சடித்துத் தரும்படி மெஷினிடமே துளை அட்டையில் விண்ணப்பம் போட்டார். சனிக்கிழமை காலையில் போய் அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டார். முடிந்தது. பாஸ்வேர்டு வந்து கொஞ்ச காலத்திலேயே முதல் திருட்டு. திருடினவர் கொஞ்சம் கூடுதலாக வேலை பார்க்க ஆசைப்பட்ட பிள்ளை! கார்பாட்டோ 2019இல் இறந்தார். அதற்குச் சில வருஷம் முன்பே ஒரு பேட்டியில், பாஸ்வேர்டு இப்போது ஒரு கெட்ட கனவாகிவிட்டது என்ற மாதிரிச் சொல்லியிருக்கிறார்.

சரி, நம் கனவுக்கு வருவோம். எங்கள் செட்டியார்பட்டியும் பக்கத்துத் தளவாய்புரமும் நைட்டி தைக்கிற ஊர்கள். நான் சின்ன யூனிட் ஒன்றுக்குக் கணக்கு பார்க்கிறேன். என் நோட்டை எடுத்து எண்ணினேன்: 61 பாஸ்வேர்டு. ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப், ஈஎஸ்ஐ, கரண்ட் பில், இரண்டு பாங்கி, பார்சல் கம்பெனி, நைட்டி விற்கிற ஆப் மூன்று, அதற்கு மேல் வீட்டுக் கணக்குகள். சரக்கு கேரளாவுக்குப் போகும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் வேண்டும். 2025இலிருந்து அந்தத் தளத்துக்குள் நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஓடிபியும் வேண்டும். ஓடிபி முதலாளி போனுக்குப் போகும். முதலாளி ராஜபாளையத்தில் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருப்பார், நாகஸ்வரச் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காது. வண்டிக்காரர் வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். பன்னிரண்டு பண்டல், வண்டியில் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, ஆறு எண்ணுக்காக நிற்கும்.

ஆடிட்டர் ஆபீசிலிருந்தும் போன் வரும். "அண்ணே, ஒரு ஓடிபி வந்துருக்கும், சொல்லுங்க." சொல்லுவோம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்பார், சொல்லுவோம். கூரியர் பையன், இ-சேவை மையத்து அக்கா, எல்லோரும் கேட்பார்கள். ஒரு பக்கம் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அரசாங்கமே காதில் ஓதுகிறது. இன்னொரு பக்கம் ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொன்னால்தான் பிழைப்பு ஓடுகிறது. ஐந்தாவதாகக் கேட்கிறவன் திருடன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏமாந்தவர்களைப் பார்த்து 'படிச்சவங்ககூட இப்படியா' என்று கேட்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

அம்மாவின் மெயிலுக்கு வருகிறேன். காலண்டர் அட்டையில் இருந்ததை அடித்தேன். சரியான பாஸ்வேர்டு! பன்னிரண்டு வருஷம் பரணில் கிடந்த பென்சில் எழுத்து பொய் சொல்லவில்லை. ஆனால் மெயில்காரர்கள் விடவில்லை. இது புதுச் சாதனம் மாதிரித் தெரிகிறது, 47 என்று முடிகிற நம்பருக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல் என்றார்கள்.

47இல் முடிவது அம்மாவின் பழைய பட்டன் போன் நம்பர். கொரோனா சமயத்தில் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டதில் செத்துப்போனது. செத்த நம்பர் சும்மா கிடக்காது. குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்பது நடைமுறை. 2023இல் உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பிரச்சினை வந்தபோது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதைத்தான் சொன்னது. பழைய தகவல்களை அழித்துக்கொள்வது சந்தாதாரர் பொறுப்பு என்று முடிந்தது. போன் நம்பரைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளும். அந்த நம்பரை நம்பி நாம் பூட்டின பூட்டுகள் அப்படியே இருக்கும். சாவி மட்டும் முகம் தெரியாத ஒருத்தர் பையில்.

கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார். குரலை வைத்துச் சொன்னால் ஐம்பது வயது இருக்கும்.

"அக்கா, வணக்கம். ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டியிலருந்து பேசுறேன். இது எங்கம்மாவோட பழைய நம்பர்."

"சரி."

"இப்ப உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்துருக்கும். அதுல ஆறு நம்பர் இருக்கும்..."

"எப்பா, நீ வேற ஆளப் பாரு. போன் பண்ணுனாலே அதத்தான சொல்லிட்டிருந்துச்சு. ஓடிபி கேட்டா குடுக்காதன்னு."

வைத்துவிட்டார். 2025இல் பல மாதம், யாரைக் கூப்பிட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் அந்த எச்சரிக்கை ஓடியதே, அதை உள்ளபடியே கேட்டு நடந்த ஒரே மனுஷியிடம் நான் போய் மாட்டியிருக்கிறேன். கோபம் வரவில்லை. என் அம்மா இப்படி வைத்திருந்தால் நான் பெருமைப்பட்டிருப்பேன். மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவர் சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் செய்து என் மேல் புகார் கொடுத்திருப்பார், அதுவும் நியாயம்தான்.

இனிமேல் பாஸ்வேர்டே வேண்டாம், போனும் விரலும் போதும் என்கிறார்கள். பாஸ்கீ என்று பெயர். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2022 மே மாதம் அறிவித்தன. ரிசர்வ் வங்கியும் 2009இலேயே ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. 2025 செப்டம்பரில் போட்ட உத்தரவில், 2026 ஏப்ரல் 1 முதல் எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாமல் கைரேகை போன்ற வேறு வழிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். நானே என் போனில் பாஸ்கீ வைத்திருக்கிறேன், சுகமாக இருக்கிறது. வேறொருத்தன் போலித் தளம் வைத்து அதைப் பிடுங்க முடியாது என்பது பெரிய லாபம்.

ஆனால் அம்மாவுக்கு? ராஜபாளையம் மில்லில் பத்தொன்பது வருஷம் நூல் முடிச்சுப் போட்ட விரல். ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் அதே கூத்து. வலது கட்டைவிரல், இல்லை. துணியில் துடைத்துவிட்டு இடது, இல்லை. மெஷின் சிவப்பு காட்டும். "ஒங்களுக்கு ரேக விழலம்மா" என்பார் கடைக்காரர், கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்லுவார். எங்கள் பக்கம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்கிற பெண்களில் பல பேருக்கு இந்தக் கதை உண்டு. பூட்டைத் திறக்கிற சாவி உடம்பிலேயே இருக்கிறது என்று சொல்கிறவர்கள் தேய்ந்த உடம்பைப் பார்த்ததில்லை போல.

கடைசியில் பாலிசி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் இருக்கிற கிளைக்கே பஸ் ஏறினேன். ஆதார் நகல், பாஸ்புக் நகல், பாலிசி பேப்பர், இரண்டு கையெழுத்து. கவுண்டரில் இருந்த பெண் ஆதார் படத்தையும் அம்மா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதுல சிரிச்சுருக்கீங்களேம்மா" என்றார். இருபது நிமிஷம். அடுத்த வாரம் பணம் கணக்கில் ஏறியது.

நான் இப்போது செய்வதைச் சொல்லிவிடுகிறேன். யூனிட் கணக்குகளுக்கு பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் ஒன்று. அத்தனையையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும், தளத்துக்குத் தளம் வேறு வேறாகப் போட்டுத் தரும். அதைத் திறக்கிற ஒரே பாஸ்வேர்டு மட்டும் என் தலையில், நீளமாக, நாலைந்து சொல் கோத்தது. வீட்டுக் கணக்குகளுக்கு நீள நோட்டு. பிள்ளையார் சுழி போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம்; மெயில், பாஸ்வேர்டு, எந்த நம்பர் கொடுத்திருக்கிறோம் என்ற மூன்றும். பீரோவுக்குள், பத்திரங்களோடு. பேப்பரில் எழுதாதே என்று கம்ப்யூட்டர் படித்தவர்கள் திட்டுவார்கள். புரூஸ் ஷ்னையர் என்கிற பாதுகாப்பு நிபுணர் 2005இலேயே எழுதிவைத்துக்கொள்ளத்தான் சொன்னார். சின்னத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நமக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. வெளிநாட்டுத் திருடன் எவனும் என் பீரோவைத் திறக்க செட்டியார்பட்டிக்கு பஸ் ஏறி வரமாட்டான். பாங்கி பின் நம்பரும் யுபிஐ பின்னும் மட்டும் நோட்டில் கிடையாது.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் திடீரென்று தவறிப்போனார். போனுக்குப் பூட்டு. எந்த பாங்கியில் எவ்வளவு, யார் யார் சரக்குக்குப் பணம் தர வேண்டும், எல்லாம் அந்தப் பூட்டுக்குள். பதினாறாம் நாள் வரைக்கும் பிள்ளைகள் அவருடைய பிறந்தநாள், கல்யாண நாள், பேத்தி பிறந்தநாள் என்று அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நோட்டு வைத்தது அதற்கப்புறம்தான். நோட்டு எங்கே இருக்கிறது என்று என் வீட்டுக்காரிக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அம்மாவின் மெயில் இன்னும் திறக்கவில்லை. பாஸ்வேர்டு சரி, ஆளும் உயிரோடு இருக்கிறாள், நம்பர் மட்டும் இன்னொருத்தருடையது. இதைப் படிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்குச் சாயந்தரம் அப்பா, அம்மா போனை வாங்கி, அவர்களுடைய மெயிலிலும் பாங்கியிலும் எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய நம்பராக இருந்தால், அந்த சிம் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.